பட்டுப்புழுவின் பகைவனுக்குப் பெயர் என்ன?

காஞ்சிபுரத்துத் தறிகளில் நெய்யப்படும் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் வருகிறது என்பதை அறிவீர்கள். ஒரு பட்டுக்கூட்டில் பல நூறு மீட்டர் நீளமுள்ள, அறுபடாத ஒரே இழை இருக்கும். கூட்டில் ஒரு துளை விழுந்துவிட்டால் இழை துண்டு துண்டாகிவிடும். நூல் எடுக்க முடியாது. அப்படித் துளையிடும் பகைவர்களுள் ஒன்று, ஓர் ஈயின் புழு.

இதனை ஊஜி ஈ என்பர். 'ஊசி ஈ' என்று சொல்வோரும் உண்டு. ஆனால் ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை! 'உஜி' என்பது ஜப்பானியச் சொல்; ஈயின் புழு என்பது அதன் பொருள்.

இது வீட்டு ஈயைவிடப் பெரியது. முதுகில் நான்கு கரிய கோடுகள் உண்டு. பெண் ஈ பட்டுப்புழுவின் உடல்மீது முட்டையிடும். இரண்டு மூன்று நாட்களில் வெளிவரும் ஈப்புழு, தோலைத் துளைத்து உட்புகும். அவ்விடத்தில் கரிய வடு தோன்றும். உள்ளே ஏறக்குறைய ஒரு வாரம் உண்டு வளர்ந்தபின், உடலைத் துளைத்து வெளியேறும். அதற்குள் பட்டுப்புழு கூடு கட்டிவிட்டிருந்தால் கூடும் துளைபடும்.

இதன் விஞ்ஞானப் பெயர் எக்சோரிஸ்டா பாம்பிசிஸ் (லூயிஸ், 1880). முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். 'பாம்பிக்ஸ்' என்பது பட்டுப்புழுவின் பேரினம். 'பாம்பிசிஸ்' என்றால் 'பட்டுப்புழுவினுடைய' என்று பொருள். லூயிஸ் என்பவர் 1880-ல் பெயரிட்டார். பிற்பாடு பேரினம் மாற்றப்பட்டதால் அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்கிறது.

வெறும் பெயருக்கு இத்தனை விதிகள் ஏன்? ஜப்பானிலும் 'உஜி ஈ' உண்டு. ஆனால் அது பிளெஃபாரிப்பா என்னும் வேறு பேரினம். அது முட்டையிடுவது புழுவின்மீது அன்று, மல்பெரி இலையின்மீது! இலையோடு முட்டையை விழுங்கும் புழு நோயுறுகிறது.

1980-ல் மேற்கு வங்கத்திலிருந்து சென்ற விதைக்கூடுகளுடன் நம் ஊஜி ஈ கர்நாடகத்தில் நுழைந்து, பெரும் நட்டம் விளைவித்தது. ஜப்பானிய நூலைப் பார்த்து இலையை மட்டும் காத்திருந்தால் பயன் இருந்திருக்குமா? இங்கே ஈ அறைக்குள் நுழையாதபடி சன்னலுக்கும் கதவுக்கும் வலை கட்ட வேண்டும். பொதுப்பெயர் இரண்டு ஈக்களையும் ஒன்றாக்கியது. விஞ்ஞானப் பெயரே அவற்றைப் பிரித்துக் காட்டியது.

சிந்தியுங்கள்: மல்பெரிச் செடியின் பேரினப் பெயர் மோரஸ். அப்படியானால், பட்டுப்புழுவுக்குப் பாம்பிக்ஸ் மோரி என்று பெயர் வந்தது ஏன்?