பிராக் நகரும் தமிழும்

நுழையும்முன்

மரபுச்செல்வம் கல்லில் மட்டும் வாழ்வதில்லை, கற்றவரிடத்தும் வாழ்கிறது. இவ்வுண்மையை ஓர் அயல்நாட்டு நகரின்வழி அறிவோம்.

செக் குடியரசின் தலைநகரான பிராக், வில்டாவா ஆற்றின் இருகரைகளிலும் அமைந்துள்ளது. 1357இல் கட்டத் தொடங்கிய சார்லசு பாலத்தில் முப்பது சிலைத்தொகுதிகள் அணிவகுத்து நிற்கின்றன. பழைய நகரமன்றத்தில் 1410ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வானியல் கடிகாரம், பலமுறை பழுதுற்றும் செப்பனிடப்பெற்று இன்றும் இயங்குகிறது. மணிதோறும் அதில் வலம்வரும் திருத்தூதர் உருவங்களைக் காணச் சுற்றுலாப் பயணியர் திரள்கின்றனர். 1992இல் யுனெஸ்கோ இந்நகரின் பழைய பகுதியை உலக மரபுச்சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

தமிழருக்கு இந்நகரோடு தனியுறவும் உண்டு. 1348இல் தோன்றிய சார்லசு பல்கலைக்கழகத்தில் பயின்ற கமில் சுவலபில் (1927–2009), தமிழ் கற்றுத் தமிழ் இலக்கியத்தையும் திராவிட மொழிகளையும் ஆழ்ந்து ஆராய்ந்தார். தமிழ்ப் படைப்புகளைச் செக் மொழியில் பெயர்த்தார். 1968இல் சோவியத் ஒன்றியத்தின் தலைமையில் அயற்படைகள் செக்கோசுலோவாகியாவுக்குள் புகுந்தன. அதன்பின் அவர் தாயகம் நீங்கி வாழ நேர்ந்தது. தமிழிலக்கியத்தை உலகோர்க்கு அறிமுகப்படுத்திய 'முருகனின் முறுவல்' என்னும் பொருள்தரும் தலைப்புடைய அவரது ஆங்கில நூல், 1973இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரிலிருந்து வெளிவந்தது.

பாலமும் கடிகாரமும் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றிடையே வளர்ந்த அறிஞரை அந்நகர் இழந்தது. கட்டடத்தின் பழுதைக் கொத்தர் நீக்குவர். அறிஞர் நீங்கிய இடத்தை எவர் நிரப்புவர்? கலைச்சின்னங்களோடு கற்றோரையும் காக்கும் நாடே மரபைக் காக்கும் நாடாகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலுள்ள பழமையான சின்னம் ஒன்றையும், அங்கு வாழ்ந்த கல்வியாளர் ஒருவரையும் பற்றிய செய்திகளைத் திரட்டுக. அவ்விருவகைச் செல்வங்களும் இன்று எவ்வாறு பேணப்படுகின்றன என வகுப்பில் உரையாற்றுக.