இறகில் வாழும் சிற்றுயிர்

தொண்டாமுத்தூரில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத் தோட்டங்களில், மயில்கள் உலவுவதைக் காண்கிறோம். மயில் முதலிய நிலப்பறவைகளின் இறகுகளிலும், நெடுங்கடலைக் கடக்கும் பறவைகளின் இறகுகளிலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஓர் உயிரினம் வாழ்கின்றது. அதுவே இறகுச் சிற்றுண்ணி.

எட்டுக் கால்களையுடைய இது சிலந்திக்கு உறவினம். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமுடையது. பறவை விரைந்து பறக்கும்போதும் இறகின் இழைகளைப் பற்றிக்கொண்டு விழாது நிற்கும். தாய்ப்பறவை கூட்டில் குஞ்சுகளை அணைக்கும்போது அவற்றின் மேல் குடியேறும்.

இதனைப் பறவைக்குத் தீங்கு செய்யும் ஒட்டுண்ணி என்றே பலர் நெடுங்காலம் கருதினர். 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இதன் குடலைச் சோதித்தது. அங்கே பெரும்பாலும் பூஞ்சைகளே காணப்பட்டன, பாக்டீரியாக்களும் இருந்தன. பறவையின் குருதியோ தோலோ இதன் வழக்கமான உணவன்று என்பது புலனாயிற்று. பூஞ்சைகளுள் சில இறகையே அரிப்பவை. ஆதலின், இச்சிற்றுயிர் இறகைத் தூய்மை செய்கிறது எனலாம்.

இதன் உறவினமான செந்நிறக் கோழிச் சிற்றுண்ணியோ பகலில் கூண்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து, இரவில் கோழியின் குருதியைக் குடிக்கும். அதனை ஒழித்தல் வேண்டும்.

தோற்றத்தால் ஒத்தவை தொழிலாலும் ஒத்திருக்கும் என்று எண்ணலாகாது. ஓர் உயிரைப் பகையென்று கூறுமுன், அது எதனை உண்டு வாழ்கின்றது என்பதை ஆராய்ந்தறிதல் நம் கடமையாகும்.