ஆம்ப் கணக்கு

அன்புள்ள மருமகனே,

லேப்டாப் பேட்டரியைப் பிரித்து ஆறு செல்லையும் வரிசையாக அடுக்கி எடுத்த படம் வந்தது. கூடவே உன் கேள்வியும்: “3.7 வோல்ட்தானே மாமா, தொட்டால் ஷாக்கூட அடிக்காது, இதில் என்ன ஆபத்து?” உன் கூட்டாளி அதில் ஒரு செல்லை வைத்து வேப் செய்யப் போகிறான், காயில்கூடச் சுற்றிவிட்டான் என்று எழுதியிருந்தாய். பிளஸ் டூ படிக்கிற பையன் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நீ தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பேச அதிகமில்லை. வேப் என்கிற மின் சிகரெட்டைத் தமிழ்நாடு 2018 செப்டம்பரிலேயே தடை செய்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, டிசம்பரில் அது முழுச் சட்டமானது. விற்றால்தான் குற்றம் என்று பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சட்டத்தில் ‘தயாரிப்பு’ என்றால் பாகங்களை வாங்கி ஒன்றாகப் பூட்டுவதும் சேர்த்திதான். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்தாலும் அதேதான். நிக்கோடின் நுரையீரலுக்கும் மூளைக்கும் என்ன செய்யும் என்பதை உன் அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வாள். எனக்குத் தெரிந்தது செல். அதைப் பேசுவோம்.

உன் கையில் இருப்பதற்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். கடைசி சைபர் உருளை வடிவத்தைக் குறிக்கும். லித்தியம் அயனி செல்லை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது சோனி, 1991இல். அதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நம் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறது. வேதியியல் பிடித்திருந்தால் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள், அங்கேயே பி.டெக். படிக்கலாம்.

முழு சார்ஜில் இந்தச் செல் 4.2 வோல்ட் காட்டும், 3 வோல்ட்டுக்கு இறங்கினால் காலி என்று வைத்துக்கொள். 3.7 என்பது நடுவில் எடுத்த பெயர் மட்டும். 2500 எம்.ஏ.ஹெச். செல் ஒன்றில் சுமார் 9 வாட்–மணி, அதாவது 32 ஆயிரம் ஜூல் அடைந்திருக்கிறது. உன் பாடப்புத்தகக் கணக்கைப் போட்டுப் பார்: டீக்கடை கிளாஸில் பிடிக்கும் 100 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இது மின்சாரமாக வரும் பங்கு. தீப்பிடித்தால் உள்ளே இருக்கும் திரவமும் சேர்ந்து எரியும்.

இனி முக்கியமான இடம். எம்.ஏ.ஹெச். பெரிதாக இருந்தால் செல்லும் பலமாக இருக்கும் என்று உன் கூட்டாளி நம்புகிறான். உங்கள் தெருவுக்கு வரும் மெட்ரோ வாட்டர் லாரியைப் பார்த்திருக்கிறாய். தொட்டி எத்தனை லிட்டர் என்பது ஒரு விஷயம், குழாய் எத்தனை தடிமன் என்பது வேறு விஷயம். எம்.ஏ.ஹெச். தொட்டி, ஆம்ப் குழாய். லேப்டாப்புக்குச் செய்த செல்லில் தகட்டின் மேல் பூச்சு தடிமனாக இருக்கும், நிறையப் பிடிக்கும், மெதுவாகத் தரும். டிரில் மெஷினுக்குச் செய்த செல்லில் பூச்சு மெல்லிசு, தகடு நீளம். கொள்ளளவு குறைவு, ஆனால் 20 ஆம்ப் தொடர்ந்து கேட்டாலும் தாங்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவு, ஒரே எடை, ஒரே வோல்ட். உறையில் இருக்கும் மாடல் எண்ணைத் தேடி, கம்பெனி வெளியிட்ட தகவல் தாளைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். பஜாரில் 9900 என்று அச்சடித்த செல்லைப் பார்த்தால் வாங்காதே. பேர்பெற்ற கம்பெனிகளின் நல்ல 18650 செல்லே 3500 பக்கம்தான் நிற்கிறது.

ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளேயே ஒரு மின்தடை உண்டு. அதை யாரும் உறையில் அச்சடிப்பதில்லை. உன் பழைய லேப்டாப் செல்லில் அது 70 மில்லி ஓம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கூட்டாளி சுற்றிய காயில் 0.2 ஓம் என்றாய். இரண்டும் சேர்ந்து 0.27. 4.2ஐ அதனால் வகுத்தால் 15.6 ஆம்ப். உன் வகைச் செல் தொடர்ந்து தரக்கூடியது நாலு, ஐந்து ஆம்ப்தான். சூட்டுக் கணக்கு, மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குவது. பத்தாம் வகுப்பிலேயே படித்தாய். 15.6இன் வர்க்கம் பெருக்கல் 0.07, அது 17 வாட். கட்டை விரல் பருமனுள்ள மூடிய டப்பாவுக்குள் 17 வாட் சூடு. அதே செல்லில் 0.3 ஆம்ப் இழுக்கும் ஒரு எல்.இ.டி. விளக்கைப் போட்டால் உள்ளே பிறக்கும் சூடு 6 மில்லிவாட். மின்னோட்டம் 52 மடங்குதான் கூடியது, சூடு 2700 மடங்கு. வோல்ட் இரண்டிலும் ஒன்றேதான். உன் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது.

சூடு ஏறினால் என்ன? உள்ளே இரண்டு தகடுகளுக்கு நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கிறது. சுமார் 130 டிகிரியில் அது உருகும். அதற்கு முன்பே உள்ளே வேதிவினைகள் தொடங்கி, அவையே சூட்டைக் கூட்டும். ஒரு கட்டத்துக்குமேல் நீ காயிலைக் கழற்றினாலும் நிற்காது. நல்ல செல்லின் தலைப்பகுதியில், வாயு அழுத்தம் ஏறினால் இணைப்பைத் துண்டிக்கும் தகடும், அதையும் மீறினால் வாயுவை வெளியேற்றும் திறப்பும் வைத்திருக்கிறார்கள். அந்தத் திறப்புக்குமுன் காலி இடம் வேண்டும். பையன்கள் செய்வதோ, செல்லை இரும்புக் குழாயில் திணித்து இரண்டு பக்கமும் மரை போட்டு இறுக்குவது. வாயு போக வழியில்லாத குழாய்க்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டாம். அதையும் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்!

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம், 2009 முதல் 2016 வரை செய்திகளில் வந்த மின் சிகரெட் தீ விபத்துகளைத் திரட்டியது. மொத்தம் 195. அவற்றில் 61, கருவியோ உபரிச் செல்லோ பாக்கெட்டில் இருந்தபோது நடந்தவை. செல்லின் மேல்முனை மட்டுந்தான் பாசிட்டிவ். அடிப்பகுதி, பக்கவாட்டு உலோகம் எல்லாமே நெகட்டிவ். தலைப்பக்கம் இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி, ஒரு காகித வளையம், மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. அவ்வளவே பாதுகாப்பு. உறை கிழிந்த செல்லும் வண்டிச் சாவியும் ஒரே பாக்கெட்டில் இருந்தால் ஷார்ட் ஆக வேறெதுவும் வேண்டாம். உங்கள் பேட்டையில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு, டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்தது, நாடு முழுவதும் பேர்பெற்றது. அந்தப் பெருமை தூரத்தில் இருந்தால் போதும்.

பழைய பேட்டரியிலிருந்து எடுத்த செல்லை முதலில் மல்டிமீட்டரில் பார். 2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதைச் சார்ஜ் போட்டு எழுப்பாதே. அந்த அளவுக்குக் காலியாகி நாள்பட்டுக் கிடந்த செல்லில் செப்புத் தகடு கரைய ஆரம்பித்திருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செப்பு உள்ளே வேறிடத்தில் படிந்து ஷார்ட் உண்டாக்கும். துருப் பிடித்தது, நசுங்கியது, இனிப்பாக ஏதோ வாடை வருவது எல்லாமே தள்ளுபடி. முழு சார்ஜ் ஏற்றி ஒரு வாரம் சும்மா வைத்துப் பார்த்து, வோல்ட் இறங்கியிருந்தால் அதையும் தள்ளு. தள்ளியதைக் குப்பைத்தொட்டியில் போடாதே. இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு எடுப்பவரிடம் கொடு. பேட்டரி விற்கும் கம்பெனிகளே பழையதைத் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று 2022இல் விதி வந்துவிட்டது.

இன்னொன்று, ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது. 2022 மார்ச் கடைசியில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். உங்கள் வீடும் ஒரே வாசல், குறுகலான சந்து. ஒற்றைச் செல் அந்த அளவுக்குப் போகாதுதான். ஆனாலும் பாய்க்கும் துணிமூட்டைக்கும் பக்கத்தில் வைக்காமல், மொசைக் தரையில் வைத்து, நீ விழித்திருக்கும்போது சார்ஜ் போடு. புகை வந்தால் பிளக்கைப் பிடுங்கு, எல்லாரையும் வெளியே அனுப்பு. நெருப்பு சிறியதாக இருந்து உன்னால் எட்ட முடிந்தால் தண்ணீரை நிறைய ஊற்று. இந்தச் செல்லுக்குத் தண்ணீர் ஆகும், அதைக் குளிர்விப்பதுதான் வேலை. அந்தப் புகையை மட்டும் மூச்சில் இழுக்காதே, அதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும்.

கை பரபரக்கிறது என்றால் விளக்கு செய். கரண்ட் போனால் அம்மாவுக்கு உதவும். ரிச்சி தெருவில் டி.பி.4056 என்று கேட்டால் சின்னச் சார்ஜர் போர்டு தருவார்கள். இரண்டு விதம் உண்டு. ‘அவுட்’ என்று தனியாக இரண்டு புள்ளி இருப்பதை வாங்கு, அதில்தான் டி.டபிள்யூ.01 என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறது. அளவுக்குமீறி ஏறினாலும் இறங்கினாலும் ஷார்ட் ஆனாலும் அது துண்டித்துவிடும். போர்டு 1 ஆம்ப் கொடுக்கும்படி அமைத்து வரும். பழைய செல்லுக்கு அது அதிகம். அதிலிருக்கும் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 2.4 கிலோ ஓம் வைத்தால் அரை ஆம்ப் ஆகும். ஒரு வாட் வெள்ளை எல்.இ.டி.யோடு 3.3 ஓம், ஒரு வாட் ரெசிஸ்டரைத் தொடரில் போடு. நல்ல செல் ஆறு மணி நேரம் எரியவிடும். செல்லின் முனையில் நேராகச் சால்டரிங் அயர்னை வைக்காதே, ஹோல்டர் வாங்கிக்கொள். எல்லாம் இணைத்த பிறகும் விளக்கு எரியவில்லை என்றால் போர்டு போய்விட்டதென்று கழற்றாதே. செல்லைப் புதிதாக மாட்டும்போது அந்தச் சிப் பல நேரம் பூட்டிக்கொண்டபடியே இருக்கும். சார்ஜரை ஒருமுறை செருகி எடுத்தால் திறந்துகொள்ளும்.

அன்புடன்,
மாமா