குழி சொன்ன பாடம்

வங்கி வேலையில் இருந்தவரை என் மேசை டிராயரில் நெஞ்செரிச்சல் மாத்திரை தீர்ந்ததே இல்லை. பகல் சாப்பாடு மூன்று மணிக்கு. நடுவில் நாலு டீ. ஓய்வு பெற்று நிலத்துக்கு வந்ததும் முதல் மட்குக்குழியில் ஈரக் கழிவை அளவில்லாமல் கொட்டினேன். காற்று புகவில்லை, சூடு ஏறவில்லை, மட்காமல் நாறியது. கொட்டுவதை நிறுத்திக் கிளறிவிட்ட பிறகே சரியானது.

வயிறும் அப்படித்தாங்க. செரிக்கும் சக்தியை ஆயுர்வேதம் 'அக்னி' என்கிறது. அது மந்தமாகி, உண்டது அரைகுறையாகச் செரித்துத் தேங்கினால் 'ஆமம்'. வயிற்றில் பாதி உணவு, கால் பங்கு நீர், கால் பங்கு காலி என்பது அஷ்டாங்க ஹிருதயம் சொல்லும் அளவு.

இப்போது வயிறு மந்தமென்றால் ஒரு வேளை பட்டினி. சுக்கு தட்டிப் போட்ட வெந்நீர். புளித்த ஏப்பம் நின்று, உடம்பு லேசாகி, பசித்த பிறகே கஞ்சி. மற்ற நாட்களில் சாப்பாட்டுக்கு முன் உப்பு தொட்ட இஞ்சித் துண்டு, பகலில் நீர்மோர். எரிச்சல் அதிகமென்றால் இஞ்சி, சுக்கு வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்காதீங்க.

நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால், 'வாயு'தான் என்று சுக்கைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.