செவலை எழுந்த கதை
(கால்நடை மருத்துவப் படிப்பு பற்றி ஒரு கட்டுரை)

 

“ப்ளஸ் டூ முடிச்சு என்ன படிக்கப் போறே?” என்று கேட்பவர்களிடம் “கால்நடை மருத்துவம்” என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் சிரிப்பார்கள். “ஓ, மாட்டு டாக்டரா!” என்பார்கள். போன வருஷம் வரைக்கும் நானும் அப்படிச் சிரித்தவள்தான். எங்கள் வீட்டுச் செவலை படுத்துவிட்ட அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பு நின்றது.

செவலை ஜெர்சிக் கலப்பு மாடு. மூன்றாவது ஈத்து. ராத்திரி நல்லபடியாகக் கன்று போட்டது, நஞ்சும் விழுந்துவிட்டது. சீம்பாலை ஒட்டக் கறந்து, கன்றுக்குக் கொடுத்தது போகத் தெருவுக்கே கொடுத்தோம். விடியற்காலையில் பார்த்தால் மாடு எழவில்லை. தலையை மடக்கி விலாவின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தது. அசை போடவில்லை, சாணி போடவில்லை. மூக்கு காய்ந்திருந்தது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

பக்கத்து வீட்டு மாமா பார்த்துவிட்டு, “இது பால் காய்ச்சல்” என்றார். காய்ச்சல் என்றதும் அப்பத்தா மிளகுக் கஷாயம் வைத்து, மூங்கில் குழாயில் ஊற்றித் தயாராக நின்றார். அன்று காலை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மாட்டு லோன் தவணையும் அண்ணனின் ஹாஸ்டல் பீஸும் அந்தப் பால் காசில்தான் போகின்றன.

கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா வந்ததும் முதலில் கஷாயத்தைத் தடுத்தார். “பாட்டிம்மா, இதுக்கு இப்ப விழுங்கவே தெம்பு இல்லை. ஊத்தினா புரையேறி நுரையீரலுக்குப் போயிடும்” என்றார். பிறகு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, “98” என்றார்.

“அது சரியான அளவுதானே மேடம்?” என்று கேட்டேன்.

“மனுசங்களுக்குச் சரி. மாட்டுக்கு 101.5 டிகிரி பாரன்ஹீட் பக்கத்துல இருக்கணும். இது காய்ச்சல் இல்லைம்மா, உடம்பு குளிர்ந்துபோயிருக்கு. பேருதான் பால் காய்ச்சல்” என்றார்.

450 மி.லி. கால்சியம் பாட்டிலைக் கழுத்துச் சிரை வழியாக ஏற்றினார். சொட்டுச் சொட்டாக, மிக மெதுவாக. ஸ்டெதாஸ்கோப் செவலையின் நெஞ்சை விட்டு எடுபடவே இல்லை. பாதி பாட்டில் இறங்கியபோது மாடு ஓர் ஏப்பம் விட்டது. தொடைச் சதை நடுங்கியது. காய்ந்த மூக்கில் முத்து முத்தாக வியர்த்தது. கொஞ்ச நேரத்தில் சாணி போட்டது. ஒரு மணி நேரத்துக்குள் தள்ளாடிக்கொண்டே எழுந்து நின்று கன்றை நக்கியது. அப்பத்தா அழுதுவிட்டார்.

நடந்தது என்ன?

டாக்டரம்மா சொன்னதையும், பிறகு நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். 10 லிட்டர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கும். ஆனால் ஒரு பசுவின் ரத்த ஓட்டத்தில் ஒரு நேரத்தில் இருப்பது ஏறக்குறைய 3 கிராம்தான்! மீதியை எலும்பிலிருந்தும் தீவனத்திலிருந்தும் உடம்பு எடுத்துக் கொடுக்க வேண்டும். பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் ‘டி’யும் செய்கிற வேலை அது. அந்த வேலை சூடுபிடிக்க ஒன்றிரண்டு நாளாகும். அதற்குள் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டால் மாடு விழுந்துவிடுகிறது. தசை சுருங்கக் கால்சியம் அயனி வேண்டும் என்று பதினொன்றாம் வகுப்பில் படித்தோமே, அதே பாடம்தான் எங்கள் தொழுவத்தில் படுத்துக் கிடந்தது.

இதயமும் தசைதானே? கால்சியத்தை வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும். சொட்டுச் சொட்டாக ஏற்றியது அதனால்தான்.

இன்னொரு ஆச்சரியம். “அப்போ சினையா இருக்கும்போதே நிறையக் கால்சியம் கொடுத்தா வராதா?” என்று கேட்டேன். அங்கேதான் தப்பு. கடைசி வாரங்களில் அளவுக்கு மேல் கொடுத்தால், எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கம் உடம்புக்கு மந்தமாகிவிடும். கன்று போட்டதும் ஆபத்து கூடும். கன்று போட்ட முதல் ஒன்றிரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்கக் கூடாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. கன்றுக்கு மட்டும் முதல் சில மணி நேரத்திலேயே சீம்பால் கொடுத்துவிட வேண்டும்.

அப்படி என்ன படிக்கிறார்கள்?

ஊசி எந்த இடத்தில் என்று தெரிய உடற்கூறியல். 98 ஏன் தப்பு என்று தெரிய உடற்செயலியல். 3 கிராம் கணக்குக்கு உயிர்வேதியியல். கடைசி வாரத் தீவனத்துக்குக் கால்நடை ஊட்டவியல். மருந்தின் அளவுக்கும் வேகத்துக்கும் மருந்தியல். அப்பத்தா மனம் நோகாமல் கஷாயத்தைத் தடுக்க விரிவாக்கக் கல்வி. ஒரு பாட்டிலுக்குப் பின்னால் இத்தனை பாடம்!

இன்னும் நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், நோய்க்குறியியல், மரபியல், ஈனியல், அறுவை சிகிச்சை எல்லாம் உண்டு. எம்.பி.பி.எஸ். படிப்பவர்களுக்கு ஒரே உடம்பு. இவர்களுக்கோ மாட்டுக்கு நான்கு அறை கொண்ட வயிறு, குதிரைக்கு ஓர் அறை, பல்லே இல்லாத கோழிக்கு அரைவைப்பை. பசுவுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள், ஆட்டுக்கு 150, பன்றிக்கு 114. எந்த நோயாளியும் ‘இங்கே வலிக்குது’ என்று வாய் திறந்து சொல்லாது. பார்த்து, தொட்டு, கேட்டு, அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

சென்னை வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் 20 மாணவர்களோடு தொடங்கியது. 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பு நடத்தத் தொடங்கியது. இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவர் என்று சொல்லப்படும் சக்குபாய் ராமச்சந்திரன் இங்கே படித்தவர். தோழிகளே, கவனிக்கவும்!

1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. இந்தத் துறைக்கென்றே இந்தியாவில் ஏற்பட்ட முதல் பல்கலைக்கழகம் இது, அரசுப் பல்கலைக்கழகம். சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களில் இதன் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

பட்டத்தின் பெயர் பி.வி.எஸ்ஸி. அண்டு ஏ.எச். மொத்தம் ஐந்தரை வருஷம். அதில் கடைசி ஒரு வருஷம் உள்ளுறைப் பயிற்சி. ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்) படித்திருக்க வேண்டும். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் நீட் மதிப்பெண் வேண்டும். நம்மைப் போல் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 சட்டப்படி 7.5 சதவீத இடம் உண்டு. இது நம்மில் பலருக்குத் தெரியவில்லை. உணவு, பால், கோழியினம் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக நான்கு வருஷ பி.டெக். படிப்புகளும் இதே பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

கஷ்டமும் சொல்ல வேண்டும்

இது நாய்க்குட்டியைக் கொஞ்சுகிற படிப்பு இல்லை. முதல் வருஷமே இறந்த விலங்கின் உடலை அறுத்துப் படிக்க வேண்டும். உதை வாங்க வேண்டிவரும். நடுராத்திரி மழையில் தோள் வரைக்கும் கையை விட்டுக் கன்றைத் திருப்ப வேண்டிவரும். சில மாடுகள் எழவே எழாது. அந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவும் வேண்டும். ஆனால் உலகத்தையே வாட்டிய மாட்டு வெக்கை நோய் 2011-இல் அடியோடு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதே, அதில் இப்படி ஊர் ஊராய்ப் போய்த் தடுப்பூசி போட்ட கைகளும் உண்டு.

செவலை இப்போது மறுபடியும் சினை. இந்தத் தடவை கடைசி வாரத் தீவனத்தை டாக்டரம்மாவிடம் கேட்டுத்தான் வைக்கப் போகிறோம். 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண்ணைத் தொழுவத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் எழுதி வையுங்கள். “மாட்டு டாக்டரா?” என்று யாராவது சிரித்தால், மாட்டுக்குச் சரியான சூடு எத்தனை டிகிரி என்று ஒரு கேள்வி கேளுங்கள்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, உயிரியல் பிரிவு