மூக்கடைப்பும் சொட்டு மருந்தும்

எங்கள் தெரு அக்கா ஒருவர் சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலையில் கூலி வேலை செய்கிறார். மாம்பழ சீசனில் அவருக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்துக்கொண்டது. இரவில் தூக்கம் இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை.

மருந்துக் கடையில் மூக்குச் சொட்டு மருந்து வாங்கினார். விட்டதும் மூக்கு திறந்தது. நன்றாகத் தூங்கினார்.

ஒரு வாரத்தில் சளி போனது. மூக்கடைப்பு போகவில்லை. மருந்து விட்டால் திறக்கும். சில மணி நேரத்தில் மறுபடி அடைக்கும். சீசன் முடிந்தது. மருந்து வாங்குவது முடியவில்லை. அக்காவை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் சொன்னார்: "சளி பிடித்தால் மூக்கின் உள்ளே இரத்தக் குழாய்கள் வீங்கும். அதனால் அடைப்பு வரும். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் போன்ற மருந்துகள் அவற்றைச் சுருக்கும். பல நாள் விட்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் குழாய்கள் மறுபடி வீங்கும். அப்போது மருந்தே அடைப்புக்குக் காரணம் ஆகிவிடும்."

டாக்டர் சொன்னபடி அக்கா மருந்தை நிறுத்தினார். முதலில் சிரமப்பட்டார். பிறகு மூக்கு தானாகவே திறந்தது.

நினைவில் வையுங்கள்:

1. இந்த மருந்து சளியைக் குணமாக்காது. அடைப்பை மட்டும் குறைக்கும்.
2. டாக்டர் சொல்லாமல் 5 நாளுக்கு மேல் விடக் கூடாது.
3. ஒருவர் பயன்படுத்தும் மருந்தை மற்றவர் பயன்படுத்தக் கூடாது.
4. குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் விடாதீர்கள். கர்ப்பிணிகள், இரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கேட்க வேண்டும்.
5. மருந்து கலக்காத உப்பு நீர்ச் சொட்டும் கடையில் கிடைக்கும். அது இப்படி அடைப்பை உண்டாக்காது.

பேசுவோம்: உங்கள் வீட்டில் யாராவது சொட்டு மருந்து விடுகிறார்களா? எத்தனை நாளாக?