இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும்: விளம்பர மென்பொருள்களைக் கணனியிலிருந்து அகற்றும் முறை



பார்க்டேலின் ஜேம்சன் அவெனியூ மாடிக் கட்டடங்களில் வாழும் எம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரே கணனியை மூன்று தலைமுறையினர் பாவிக்கின்றனர். பிள்ளைகள் பாடசாலை வேலைக்கும் விளையாட்டுக்கும், பெற்றோர் வங்கிக் கணக்குப் பார்க்கவும் குடிவரவுப் படிவம் நிரப்பவும், தாத்தா பாட்டி ஊர்ச் செய்தி வாசிக்கவும் நாடகத் தொடர் பார்க்கவும் அதன் முன் அமர்கின்றனர். திடீரென்று ஒருநாள் வழமையான தேடல் பக்கம் காணாமற்போய், பெயர் தெரியாத வேறொரு பக்கம் வந்து நிற்கிறது. திரையின் மூலையில் ஓயாமல் விளம்பரங்கள் எழும்புகின்றன. அவற்றுட் சில பிள்ளைகள் பார்க்கக் கூடாதவை. "யார் இதைச் செய்தது?" என்று வீட்டில் விசாரணை நடக்கிறது. பழி பெரும்பாலும் பிள்ளையின் தலையில் விழுகிறது.

இத்தொல்லை என்ன, எவ்வழியாக வருகிறது, காசு செலவில்லாமல் வீட்டிலேயே எப்படி அகற்றலாம் என்பவற்றை இப்பாடத்தில் ஒழுங்காகப் பார்ப்போம்.

இது என்ன?

இணையப் பக்கங்களைப் பார்ப்பதற்கு நாம் பாவிக்கும் குரோம், எட்ஜ், ஃபயர்பொக்ஸ் போன்றவற்றை உலாவி என்கிறோம். நாம் கேளாமலே விளம்பரங்களைக் காட்டிப் பணம் சம்பாதிக்கும் மென்பொருள் விளம்பர மென்பொருள். எமது உலாவியின் முதற் பக்கத்தையும் தேடல் இயந்திரத்தையும் மாற்றி, நாம் தேடுவதையெல்லாம் தன் வழியாகத் திருப்பி விடுவது உலாவிக் கடத்தல். இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன.

வைரஸ் கள்ளன் போலப் பூட்டை உடைத்து வருவது. இவை அப்படியல்ல. பெரும்பாலும் வாசலில் நின்று அனுமதி கேட்டு, நாம் வாசிக்காமல் "சரி" என்று சொன்ன பின்னரே உள்ளே வருகின்றன. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று எம் முன்னோர் சொன்னது இவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். இவற்றை அகற்றும் முறையும் இதிலேயே இருக்கிறது: எங்கெங்கே அனுமதி கொடுத்தோமோ, அங்கெல்லாம் சென்று அதைத் திரும்பப் பெற வேண்டும்.

எவ்வழியாக நுழைகிறது?

முதலாவது வழி, இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வருவது. உதாரணமாக, பாமினி எழுத்துரு தேவைப்பட்டு ஒருவர் இணையத்தில் தேடுகிறார். தரவிறக்கத் தளமொன்றில் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்துகிறார். எழுத்துருக் கோப்பு ஒன்றின் பெயர் வழக்கமாக டி.டி.எஃப். என்ற எழுத்துகளில் முடியும். சிலவேளை ஸிப் பொதியாக வரும். அதற்குப் பதிலாக ஈ.எக்ஸ்.ஈ. என்று முடியும் கோப்பு வந்தால் அது இயங்கும் மென்பொருள். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தமிழில் எழுதுவதற்காக மட்டும் என்றால் எதையும் தரவிறக்கத் தேவையில்லை. தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் விண்டோஸிலேயே இருக்கின்றன.

இரண்டாவது வழி, "அலவ்" என்ற பொத்தான். நாடகமோ படமோ இலவசமாகக் காட்டும் தளங்கள் சில, "தொடர்ந்து பார்க்க அலவ் என்பதை அழுத்துங்கள்" என்று கேட்கும். அதை அழுத்தினால் படம் வருகிறதோ இல்லையோ, எமது திரைக்கு அறிவித்தல் அனுப்பும் உரிமை அத்தளத்துக்குக் கிடைத்துவிடும். மூலையில் எழும்பும் விளம்பரங்கள் பல இப்படி வருபவையே.

மூன்றாவது வழி, உலாவியில் சேர்க்கும் நீட்சிகள், அதாவது எக்ஸ்டென்ஷன்கள். கூப்பன் தேடித் தருகிறோம், கோப்பை மாற்றித் தருகிறோம் என்று வரும் இவற்றுட் சில, நாம் பார்க்கும் பக்கங்கள் அனைத்தையும் வாசிக்கும் அனுமதியைப் பெற்றுக்கொள்கின்றன.

மொன்றியலில் நடந்தது

இது எங்கோ தூரதேசத்தில் நடக்கும் காரியம் என்று நினைக்க வேண்டாம். மொன்றியல் நகரில் 2011 இல் வாஜம் என்ற மென்பொருள் வெளியானது. நாம் ஒன்றைத் தேடும்போது, அதுபற்றி எமது நண்பர்கள் பேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் சொன்னவற்றைத் தேடல் முடிவுகளுடன் சேர்த்துக் காட்டுவதே அதன் வேலை என்று சொல்லப்பட்டது. நாளடைவில் அது வேறு இலவச மென்பொருள்களோடு சேர்ந்து ஏராளமான கணனிகளுக்குள் புகுந்து, விளம்பரங்களைச் செருகத் தொடங்கியது.

கனடாவின் தனியுரிமை ஆணையாளர் அலுவலகம் இதனை விசாரித்து 2017 இல் அறிக்கை வெளியிட்டது. பாவனையாளரிடம் உரிய முறையில் சம்மதம் பெறவில்லை, அகற்ற முயன்றவர்களுக்கும் அதைக் கடினமாக்கியது என்று அவ்வறிக்கை கண்டது. அறிக்கை வெளிவருவதற்கு முன்பே நிறுவனம் தன் சொத்துகளை ஹொங்கொங் நிறுவனமொன்றுக்கு விற்றுவிட்டது. மென்பொருளோ சோஷல்2சேர்ச் போன்ற வேறு பெயர்களில் தொடர்ந்து உலாவியது.

மொன்றியலின் கொன்கோடியா பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், இம்மென்பொருளின் ஏறத்தாழ ஆறு ஆண்டு வளர்ச்சியை ஆராய்ந்து 2019 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அது கணனிக்குள் தன் சொந்தப் பாதுகாப்புச் சான்றிதழை நிறுவி, உலாவிக்கும் இணையத்தளத்துக்கும் நடுவே நின்று பாதுகாக்கப்பட்ட தொடர்பையும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. அதாவது, முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கும். ஆனால் பூட்டின் மறுசாவி வேறொருவர் கையில் இருக்கும். விளம்பரம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

பயமுறுத்தும் திரை வந்தால்

அகற்றும் முறைக்குப் போவதற்கு முன் முக்கியமான ஒன்று. சில விளம்பரங்கள் திரை முழுவதையும் மூடி, சத்தமிட்டு, "உங்கள் கணனியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று சொல்லும். அழைக்கவே கூடாது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை என்று அந்நிறுவனமே அறிவித்துள்ளது. அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் மிக மரியாதையாகப் பேசி, கணனியைத் தன் கைக்கு எடுத்து, பின்னர் வங்கி விபரமோ கிப்ட் கார்ட் எண்களோ கேட்பார். தனியே வீட்டில் இருக்கும் முதியோர்தான் இதில் அதிகம் அகப்படக் கூடியவர்கள்.

செய்ய வேண்டியது இது: கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் உலாவியின் பெயரைத் தெரிவுசெய்து "எண்ட் டாஸ்க்" கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் மின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துக் கணனியை நிறுத்துங்கள். மீண்டும் உலாவியைத் திறக்கும்போது "ரிஸ்டோர்" என்று கேட்டால் அழுத்த வேண்டாம். அழுத்தினால் அதே பக்கம் திரும்பி வரும்.

அகற்றும் முறை

கீழ்க்காணும் படிகள் விண்டோஸ் கணனிகளுக்கானவை. வரிசை மாறாமல் செய்யவும். முடியும்வரை வங்கி வேலை எதையும் அக்கணனியில் செய்ய வேண்டாம்.

1. படங்கள், ஆவணங்கள் ஆகியவற்றை யு.எஸ்.பி. ஒன்றில் பிரதி எடுத்து வையுங்கள். தொல்லை எந்த நாள் அளவில் தொடங்கியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டோல்ட் ஆப்ஸ் என்ற ஒழுங்கில் செல்லுங்கள். பட்டியலைத் திகதிப்படி அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளை அண்டி வந்த, நீங்கள் அறியாத மென்பொருளை அன்இன்ஸ்டோல் செய்யுங்கள். அகற்றும்போது "வைத்திருக்கவா?" என்று குழப்பமாகக் கேட்கும், பொத்தான்களை நிதானமாக வாசித்து அழுத்துங்கள். மைக்ரோசொப்ட், இன்டெல், கணனி அல்லது பிரிண்டர் நிறுவனத்தின் பெயர் உள்ளவற்றில் கை வைக்க வேண்டாம். சந்தேகமானால் பெயரை எழுதி வைத்து, தெரிந்தவரிடம் கேளுங்கள்.

3. உலாவியைத் திறந்து எக்ஸ்டென்ஷன்கள் உள்ள பகுதிக்குச் செல்லுங்கள். தேவையென்று உங்களால் காரணம் சொல்ல முடியாத ஒவ்வொன்றையும் அகற்றுங்கள். வீட்டில் எத்தனை உலாவிகள் பாவிக்கப்படுகின்றனவோ அத்தனையிலும் இதைச் செய்ய வேண்டும்.

4. உலாவியின் செட்டிங்ஸில் நொட்டிபிக்கேஷன்ஸ் என்ற பகுதியைத் தேடுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். அறியாதவற்றை நீக்குங்கள். பலருக்குத் தொல்லை இந்தப் படியுடனேயே தீர்ந்துவிடும்.

5. முதற் பக்கம், தேடல் இயந்திரம் ஆகியவற்றைப் பழையபடி மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் ரீசெட் செட்டிங்ஸ் என்பதைப் பாவிக்கலாம். குரோமில் இதனால் நீங்கள் சேமித்த பக்கக் குறிகளும் கடவுச்சொற்களும் அழிவதில்லை. நீட்சிகள் நிறுத்தப்படும், தளங்களில் மீண்டும் உள்நுழைய வேண்டியிருக்கும்.

6. திரையில் உள்ள உலாவியின் சின்னத்தில் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, புரொப்பட்டீஸ் பார்த்து, டார்கெட் என்ற வரியை வாசியுங்கள். உலாவியின் பெயருக்குப் பின்னால் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதனை மட்டும் அழியுங்கள்.

7. விண்டோஸ் செக்கியூரிட்டியைத் திறந்து முழுச் சோதனை நடத்துங்கள். அதன்பின் மைக்ரோசொப்ட் டிபென்டர் ஒஃப்லைன் என்ற சோதனையையும் செய்யுங்கள். கணனி தானே நின்று மீண்டும் தொடங்கும். சுமார் 15 நிமிடம் எடுக்கும். மேலதிகமாக, மால்வெயார்பைட்ஸ் நிறுவனம் வெளியிடும் அட்வ்கிளீனர் என்ற இலவசக் கருவியையும் பாவிக்கலாம். அதனை அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். போலிச் சுத்திகரிப்பு மென்பொருள்களே இன்னொரு தொல்லையாக வருவதுண்டு.

8. அதே விண்டோஸ் செக்கியூரிட்டியில் ரெப்யுடேஷன் பேஸ்ட் புரொடெக்ஷன் என்ற பகுதியில், விரும்பத்தகாத மென்பொருள்களைத் தடுக்கும் வசதி உண்டு. அதனை இயக்கி விடுங்கள்.

9. கணனி சுத்தமான பின் வங்கி, மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றுங்கள்.

அகற்றியதும் திரும்பி வந்தால்

வேறொரு கணனியிலும் அதே கூகுள் கணக்கில் உள்நுழைந்திருந்தால், அங்குள்ள நீட்சி இங்கும் வந்து சேரும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டுக் கணனியில் "இவ்வுலாவியை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற கருத்தில் ஒரு வரி தெரிந்தால், ஏதோ ஒரு மென்பொருள் உலாவிக்குக் கட்டளை விதித்திருக்கக்கூடும். அதற்கு அனுபவமுள்ளவரின் உதவியை நாடுவது நல்லது. எதுவும் சரிவராவிட்டால் விண்டோஸை முழுமையாக ரீசெட் செய்வதே கடைசி வழி, யு.எஸ்.பி.யில் எடுத்த பிரதி அப்போது கைகொடுக்கும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிவடைந்துவிட்டதால், பழைய கணனி வைத்திருப்போர் அதையும் கவனிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கனடாவில் 2015 ஜனவரி 15 முதல், வர்த்தக நோக்கில் இன்னொருவரின் கணனியில் மென்பொருளை நிறுவுவதற்கு அவரது வெளிப்படையான சம்மதம் வேண்டும். மீறும் நிறுவனத்துக்கு ஒரு மீறலுக்கு 1 கோடி டொலர் வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. முறைப்பாடுகளை அரசாங்கத்தின் ஸ்பாம் ரிப்போர்ட்டிங் சென்டருக்கு அனுப்பலாம்.

பணமோ வங்கி விபரமோ கொடுத்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்து, வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணில் வங்கிக்கு அறிவியுங்கள். அடுத்து கனேடிய மோசடித் தடுப்பு நிலையத்துக்கு 1-888-495-8501 என்ற எண்ணில் அழையுங்கள். பொலிஸிலும் முறையிடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பணத்தை மீட்பதைக் கடினமாக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அனுமதியை அழுத்தியது பிள்ளையாகவும் இருக்கலாம், பாட்டியாகவும் இருக்கலாம். ஏமாறும்படியாகவே அப்பொத்தான்கள் வடிவமைக்கப்படுகின்றன. ஏச்சுக் கிடைக்கும் என்று பயந்தால், அடுத்த முறை பயமுறுத்தும் திரை வரும்போது அவர்கள் உங்களிடம் வரமாட்டார்கள். திரையில் உள்ள எண்ணுக்குத்தான் அழைப்பார்கள். "ஏதாவது வந்தால் தொடாமல் என்னைக் கூப்பிடு" என்று அன்பாகச் சொல்லி வைப்பது எந்தப் பாதுகாப்பு மென்பொருளையும் விட மேலானது.

மீட்டல்

1. தரவிறக்கிய எழுத்துருக் கோப்பு ஈ.எக்ஸ்.ஈ. என்று முடிந்தால் என்ன செய்வீர்கள்?
2. உங்கள் உலாவியில் இன்று எத்தனை நீட்சிகள் உள்ளன? ஒவ்வொன்றும் எதற்காக?
3. அறிவித்தல் அனுப்ப அனுமதி பெற்ற தளங்கள் எவை? அவற்றுள் எதனை நீங்கள் அறிவீர்கள்?
4. பயமுறுத்தும் திரை வந்தால் முதலில் யாரை அழைக்க வேண்டும் என்று உங்கள் வீட்டு முதியோருக்குத் தெரியுமா?

இந்நான்கு கேள்விகளுக்கும் குடும்பமாக அமர்ந்து விடை காணுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.